துபாஷி கூலியில் சிக்கனம் வேண்டாம்

பேரம் படிவது விலையால் மட்டுமல்ல, வார்த்தையாலும்தான். கல்லாவில் உட்கார்ந்து பழகிய நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால், விற்பவர் பேசுவது வாங்குபவருக்கும், வாங்குபவர் பேசுவது விற்பவருக்கும் புரியாவிட்டால்?

சிலியின் சால்மன் மீன், மெக்ஸிகோவின் பன்றி இறைச்சி, ஸ்பெயினின் ஆலிவ் எண்ணெய் எல்லாம் ஜப்பானுக்குப் போகின்றன. மெக்ஸிகோவுடன் 2005இலும், சிலியுடன் 2007இலும், பெருவுடன் 2012இலும் ஜப்பானின் பொருளாதார ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. சரக்குக்கு வழி திறந்தது. ஆனால் ஸ்பானிஷை நேரே ஜப்பானிய மொழியில் சொல்லும் வணிகத் துபாஷி, ஆங்கிலத் துபாஷிபோல் எளிதில் அகப்படுவதில்லை. ஆகவே ஆங்கிலத்தை நடுவில் வைத்துப் பேசுகிறவர்களும் உண்டு.

இரு கை மாறும் சரக்கு எடை குறையும் என்பது நம் அனுபவம். பேச்சும் அப்படியே. ஆங்கிலத்தின் ‘பில்லியன்’ நூறு கோடி. ஸ்பானிஷின் ‘பிலியோன்’ லட்சம் கோடி. ஒலி ஒன்றுபோல் இருக்கிறது, தொகையோ ஆயிரம் மடங்கு! ஜப்பானியர் பத்தாயிரத்தை ‘மான்’ என்றும், பத்துக் கோடியை ‘ஓகு’ என்றும் எண்ணுவர். லட்சம், கோடி என்று கணக்கெழுதும் நாமே ‘மில்லியன்’ என்றால் ஒரு நிமிடம் விரல் மடக்குகிறோம் அல்லவா?

இருமொழி தெரிந்த யாரையாவது அழைத்தால் போதாதா என்று கேட்கலாம். 1899இல் ‘சகுரா மாரு’ கப்பலில் 790 ஜப்பானியர் பெருவுக்குப் போனார்கள். அவர்களது வழிவந்தோரில் பலர் 1990இல் சட்டம் தளர்ந்தபின் ஜப்பானுக்கே வேலைக்குத் திரும்பினர். இருமொழியும் பேசுவோர் இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டுப் பேச்சு வேறு, எல்.சி., வட்டி, பங்கு பற்றிய பேச்சு வேறு. ஸ்பானிஷில் ‘அக்சியோனெஸ்’ என்றால் செயல்கள். பங்குகள் என்றும் பொருள். தொழில் தெரியாதவர் எதைச் சொல்வார்?

ஜப்பானியர் ‘ஹாய்’ என்று தலையசைத்தால் ‘சம்மதம்’ என்றே எப்போதும் கொள்ளக்கூடாது. நாம் ‘ம்’ கொட்டுவதுபோல் ‘கேட்கிறேன்’ என்பதாகவும் இருக்கும். ‘ஆராய்ந்து சொல்கிறோம்’ என்பார்கள். ‘பார்த்துட்டு வர்றேன் அண்ணாச்சி’ என்று படியிறங்கும் வாடிக்கையாளர் திரும்பி வருவாரா என்பது நமக்கா தெரியாது? அந்தக் குறிப்பை எடுத்துச் சொல்பவரே துபாஷி.

ஆகவே நம் கருத்து இது. எதிர்த்தரப்பு அழைத்து வரும் ஆளையே நம்பி உட்காரக்கூடாது. நமக்கென்று ஒருவர் வேண்டும். மாட்ரிட், மெக்ஸிகோ நகரம், சாந்தியாகோ, லிமா ஆகிய ஊர்களில் ஜப்பானின் ஜெட்ரோ வணிக அமைப்புக்கு அலுவலகம் உண்டு. அங்கும் வர்த்தக சபைகளிலும் விசாரிக்கலாம். இதற்குமுன் எந்தச் சரக்குக்குப் பேசினார் என்று கேட்க வேண்டும். விலைப் பட்டியலையும் ஒப்பந்த நகலையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். தொகைகளை எண்ணால் எழுதிக் காட்டவேண்டும். பேசப்பேச உடனுக்குடன் சொல்வதானால் இருவரை அமர்த்த வேண்டும்; ஒருவரால் நெடுநேரம் தாங்காது.

சிறு வியாபாரிக்கு இந்தச் செலவு கட்டுமா? கைப்பேசி மொழிபெயர்க்காதா? விசாரணைக் கடிதத்துக்கு அது போதும். கையெழுத்துப் போடும் நாளுக்குப் போதாது. கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் அடக்க விலையில் சேர்கின்றன. துபாஷி கூலியையும் அதே பக்கத்தில் எழுதுவோம்.

தராசு சரியாக இருந்தால் மட்டும் போதாது. நாக்கும் சரியாக இருக்க வேண்டும்.