நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாமா?

2007ஆம் ஆண்டு தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு கிடைத்தது. மாநாடு, பேரணி, மனு என்று சமுதாயம் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று பெற்ற உரிமை அது. அந்த ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுச் செய்ய வேண்டிய பட்டதாரி, கடைசித் தேதிக்கு முந்தைய நாள் இரவு சாதிச் சான்றிதழைத் தேடுகிறான் என்றால் நாம் தெருவில் நின்றதற்கு என்ன பொருள்?

எந்தத் தேர்வு எப்போது என்ற அட்டவணையை அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டு பிறக்கும் முன்பே வெளியிடுகிறது. யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஆனால் சான்றிதழ், இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்த அன்றே கைக்கு வருவதில்லை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேசை மாறி வர நாளாகும். பள்ளிச் சான்றில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மது', குடும்ப அட்டையில் வேறொன்று என்று பெயர் மூன்று விதமாக நிற்பது நம் வீடுகளுக்கே உரிய தலைவலி. அதைச் சரிசெய்ய வாரங்கள் பிடிக்கும். அரசு நம்மைப் புறக்கணிக்கும்போது எழுதுகிறோம்; இனியும் எழுதுவோம். நாமே தவறவிடும் தேதிகளுக்கு யாரைக் கண்டித்து எழுதுவது?

பிறப்பைப் பதிவு செய்ய 21 நாள் அவகாசம். ஓராண்டு தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். 2023 அக்டோபர் 1க்குப் பின் பிறந்த குழந்தைக்குப் பள்ளி, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றுதான் ஆதாரம். குடியுரிமைக் கவலையை மேடைதோறும் பேசும் சமுதாயத்தில் இந்த ஒரு தாள் மட்டும் 'அப்புறம்' என்று கிடக்கலாமா?

வியாபாரிகளுக்கு வருவோம். மாதந்தோறும் கணக்குக் கொடுப்பவர் 3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள் போட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய். வியாபாரமே இல்லாத மாதமானாலும் 20 ரூபாய். வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடனைத் தவிர்க்கும் அதே வியாபாரி, சோம்பலால் இந்த வட்டியைக் கட்டுகிறார்! தொடர்ந்து இரண்டு மாதம் விட்டால் இ-வே பில் முடங்கும். சரக்கு லாரி நகராது. 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தை ஏற்றாவிட்டால், உங்களிடம் சரக்கு வாங்கியவருக்கு அந்த மாத வரிக் கழிவு கிடைக்காது. அவர் ஒரு முறை பொறுப்பார். மறுமுறை பக்கத்துக் கடைக்குப் போவார்.

பில்களைப் பையில் திணித்து 19ஆம் தேதி இரவு ஆடிட்டரிடம் கொடுக்கும் பழக்கம் ஏன்? எல்லோரும் சோம்பேறிகள் அல்லர். மொத்த வேலையும் மலையாகத் தெரிவதால் தொடங்கவே மனம் வருவதில்லை. கடை அடைக்கும் முன் அன்றைய பில்லை அன்றே எழுதினால் பத்து நிமிடம். சுபுஹுக்கு எழுந்தவர் மீண்டும் படுக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், வாடிக்கையாளர் தொல்லையோ தொலைபேசித் தொல்லையோ இல்லாத நேரம் அது. இளைஞர்களும் அந்த ஒரு மணியைப் படிப்புக்கு வைத்துப் பார்க்கட்டும். இரவு 1 மணி வரை கைபேசியைத் தடவுபவனுக்கு அது கிடைக்காது என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்' என்றாலே 'நடக்காது' என்று எதிரில் இருப்பவர் புரிந்து கொள்ளும் அளவுக்கு அந்த வார்த்தையை நாம் கொண்டு வந்துவிட்டோம். உறுதியோடு சொல்ல வேண்டியதை, தட்டிக் கழிக்கப் பயன்படுத்துகிறோம். இது வேதனை.

வாக்காளர் பட்டியலில் சேர ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதித் தேதிகள் உண்டு. 17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே மனுக் கொடுக்கலாம். ஒவ்வொரு ஜமாஅத்தும் இந்தத் தேதிகளையும், தேர்வாணைய அட்டவணையையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். மஹல்லாவில் 17 வயதானவர்கள் யார் யார் என்ற பட்டியலை இந்த ஜும்ஆவுக்குப் பிறகே எடுக்கத் தொடங்கலாம். அதற்கு நிதி தேவையில்லை, இரண்டு இளைஞர்களும் ஒரு நோட்டும் போதும்.