கம்பி ஒன்று, கடை பல: மின்சாரத் தேர்வுரிமை என்னும் வாக்குறுதி

செல்பேசிக்கு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதுபோல வீட்டு மின்சாரத்துக்கும் மக்களே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம், போட்டி வந்தால் கட்டணம் தானாக இறங்கும் என்னும் முழக்கம், 2014ஆம் ஆண்டின் மின்சாரத் திருத்த மசோதா தொடங்கி, 2022 ஆகஸ்டு 8 அன்று மத்திய மின்துறை அமைச்சர் ஆர்.கே. சிங் மக்களவையில் அறிமுகப்படுத்திய மசோதா வரை சலிப்பின்றித் திரும்பத் திரும்ப ஒலித்திருக்கிறது. 2022 மசோதா நிலைக்குழுவுக்குப் போனதோடு நின்றுவிட்டாலும், 2025 அக்டோபரில் வெளியான வரைவிலும் அதே யோசனை தலைகாட்டுவதால், அதன் ஒவ்வொரு கூற்றையும் தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாடு போன்ற ஊரின் தெருவில் நிறுத்திப் பார்ப்பது தேவையாகிறது.

முதலாவது, செல்பேசி உவமை. ஒரு நிறுவனத்தின் சிக்னல் கிடைக்காத இடத்தில் மற்றொன்றின் சிக்னல் கிடைக்கக்கூடும் என்பதால் அங்கே மாறுவதற்குப் பொருள் உண்டு. மின்சாரத்திலோ தெருவுக்கு ஒரு மின்மாற்றி, ஒரு கம்பி. புதிதாக உரிமம் பெறும் நிறுவனங்களும் ஏற்கனவே இருக்கும் அந்தக் கம்பியையே வாடகைக்குப் பயன்படுத்தும் என்பதுதான் மசோதாவின் ஏற்பாடு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னையோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் சேற்று வயலில் இறங்கி அவற்றை மீண்டும் நட்டார்கள். கம்பம் நடும் வேலை பொதுத்துறைக்கு, பில் அனுப்பும் வேலை புதியவர்களுக்கு என்னும் இந்தப் பாகப்பிரிவினையில் தேர்வுரிமை யாருக்குக் கிடைக்கிறது என்பது வெளிப்படை.

இரண்டாவது, போட்டி விலையைக் குறைக்கும் என்பது. மின்பகிர்மானச் செலவில் பெரும்பங்கு மின்கொள்முதலுக்கு, அதாவது உற்பத்தி நிலையங்களிடமிருந்து மின்சாரம் வாங்குவதற்குப் போகிறது. நடப்பிலுள்ள கொள்முதல் ஒப்பந்தங்களின் மின்சாரத்தையும் செலவையும் அப்பகுதியின் எல்லா உரிமதாரர்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றும், கட்டணத்தின் உச்ச வரம்பையும் கீழ் வரம்பையும் ஒழுங்குமுறை ஆணையமே விதிக்கும் என்றும் 2022 மசோதா கூறியது. கம்பி ஒன்று, மின்சாரம் ஒன்று, வாங்கிய விலை ஒன்று, விற்கும் விலைக்கு மேலும் கீழும் வேலி என்றான பிறகு, இந்த நிறுவனங்கள் போட்டியிடுவதற்கு எஞ்சுவது பில்லின் தலைப்பில் அச்சிடும் பெயரும் அதன் வண்ணமும்தான் போலும்.

இத்தகைய தேர்வுரிமை முழுமையாக நடைமுறையில் இருந்த நாட்டில், விலை உண்மையாகவே ஏறியபோது என்ன ஆயிற்று என்பதை முழக்கக்காரர்கள் பேசுவதில்லை. பிரிட்டனில் இல்லத்தார் பல நிறுவனங்களின் கட்டணத் திட்டங்களை ஒப்பிட்டு, ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ மாறாத விலையில் ஒப்பந்தம் செய்துகொள்ள முடிந்தது. 2021இல் எரிவாயுவின் மொத்த விலை எகிறியதும், மலிவு விலையை வாரி வழங்கிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. ஏறத்தாழ 30 நிறுவனங்கள் மூடப்பட்டன. பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைக் கொண்டிருந்த பல்ப் நிறுவனத்தை அந்த ஆண்டு நவம்பரில் அரசு தன் செலவில் தாங்க வேண்டியதாயிற்று. மலிவான நிலை விலைத் திட்டங்கள் சந்தையிலிருந்து மறைய, ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் விதித்த உச்ச வரம்பே பெரும்பாலோருக்குக் கட்டணமாயிற்று. சராசரி இல்லத்துக்கு ஆண்டுக்கு 1,277 பவுண்டாக இருந்த அவ்வரம்பு 2022 ஏப்ரலில் 1,971 பவுண்டாக உயர்ந்தது. விழுந்த நிறுவனங்களின் வாடிக்கையாளர்களை வேறிடம் மாற்றிய செலவு, நிறுவனம் மாறியவர், மாறாதவர் என்ற வேறுபாடின்றி எல்லார் பில்லிலும் ஏறியது. விலை இறங்கும் காலத்தில் பத்துத் திட்டங்களும் ஏறும் காலத்தில் ஒரே திட்டமும் இருப்பதைத் தேர்வுரிமை என்று அழைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

மின்வாரியம் கடனில் மூழ்கியிருப்பதாகச் சொல்லப்படுவது சரியே. தனியார் மூழ்குவதில்லை என்பதற்கு மேற்கண்ட முப்பதும் சாட்சி. மும்பையில் இரு நிறுவனங்களிடையே மாறும் வசதி இருப்பதாகச் சொல்லப்படுவதும் சரியே. அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் மும்பையும், வயலுக்கு நடுவே நான்கு வீடு என்றிருக்கும் கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதியும் ஒன்றல்ல. விவசாய இலவச மின்சாரத்துக்கு ஆபத்தில்லை என்ற உறுதிமொழியைப் பொறுத்தவரை, குறுவைக்கு ஆழ்குழாய்க் கிணற்றையும் மும்முனை மின்சாரத்தையும் நம்பியிருப்பவர்கள் அதைச் சட்டத்தில் பார்த்த பிறகு நம்பலாம்.

விலை ஏறும் காலத்தில் ஒரத்தநாட்டு இல்லத்தரசி உண்மையில் செய்யும் கட்டணத் தேர்வு வேறு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து, பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் கூடும் படிநிலைக் கட்டணம் விதிக்கப்படுகிறது. 2016 மே முதல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். ஏறத்தாழ எட்டாண்டுகள் உயராதிருந்து 2022 செப்டம்பர் 10 முதல் உயர்ந்த கட்டணத்தின்படி 500 யூனிட்டுக்கு அப்போது 1,725 ரூபாய் ஆனது; 501 யூனிட் என்றாலோ 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் சலுகை விலை பறிபோய், 1,958 ரூபாய் ஆனது. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாயாக இருந்தது. சித்திரை வெயிலில் மின்விசிறி இரவு பகலாய்ச் சுழலும் வீட்டில், கணக்கெடுப்பவர் நான்கைந்து நாள் பிந்தி வந்தாலே இந்த எல்லை தாண்டப்படும். 2021 தேர்தல் அறிக்கையில் திமுக வாக்குறுதியளித்த மாதாந்திரக் கணக்கெடுப்பு இப்படிப்பட்ட வீட்டுக்குப் பயன்படும்; கணக்கெடுக்கும் தேதியோ படிநிலையின் எல்லையோ நிறுவனம் மாறுவதால் நகரும் என்று எந்த மசோதாவும் சொல்லவில்லை.