சித்திரமும் திருத்தமும்

பழைய மாணவர் சங்கத்தார் வெளியிடும் இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வோமென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்டதோ சித்திரம். தமிழாசிரியருக்குச் சித்திரத்தில் என்ன வேலை என்று வினவுவார்க்கு எம்மிடம் விடையுண்டு. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாட்டொன்று சித்திரத்தையும் தமிழையும் அருகருகே வைத்து, இரண்டும் பழக்கத்தால் வருவன என்கின்றது. நட்பு, தயை, கொடை என்பனவற்றையே அது பிறவியோடு வரும் குணங்களாகக் கூறுகின்றது. அவ்வரிசையில் சித்திரம் இல்லை.

ஆயினும் நம்மிடையே வழங்கும் பேச்சு வேறு. பிள்ளையொன்று இரண்டு படங்களைக் கோணலாக வரைந்துவிட்டால், “இவனுக்குக் கை வராது” என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். ஒருவன் கட்டுரையிற் பிழைவிட்டால் அவனுக்குத் தமிழ் வராதென்று கைவிடுகின்றோமா? இல்லை, மீண்டும் எழுதுவிக்கின்றோம். சித்திரத்துக்கு மட்டும் இந்நீதி மறுக்கப்படுவதேன்?

இத்தீர்ப்புக்கு யாமும் ஒருகால் ஆளானோம். ஐந்தாம் வகுப்பில் யாம் வரைந்த பசுவை ஆசிரியர் ஒருவர் உயர்த்திப் பிடித்துக் காட்ட, வகுப்பு முழுதும் நகைத்தது. பசுவின் எவ்விடம் பிழைத்ததென்று ஒருவரும் கூறினாரில்லை. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாம் பென்சிலை எழுதுதற்கன்றி வரைதற்கு எடுத்ததில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன்னர், எம்மோடு கற்பிக்கும் சித்திர ஆசிரியர் இசைய, வியாழக்கிழமைகளில் இறுதிப் பாடவேளையில் அவரது வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்து கற்கத் தொடங்கினோம். அவர் எம்மினும் பதினைந்து வயது இளையவர். முதல் மாதம் படமே இல்லை. இரு புள்ளிகளை இட்டு அடிமட்டமின்றி அவற்றை ஒரே கோட்டால் இணைத்தல், பின்னர் வட்டங்கள், பின்னர் ஒரு கட்டத்தை வெண்மையிலிருந்து கருமைவரை படிப்படியாக நிழலிட்டு நிரப்புதல். நாளொன்றுக்கு ஒரு தாள். அதன்பின்னரே மேசைமேல் ஒரு மண்குடம் வைக்கப்பட்டது.

எமது முதற் குடத்தைக் கண்டு அவர் நன்றென்றும் கூறவில்லை, தீதென்றும் கூறவில்லை. “ஐயா, குடத்தின் வாய் வட்டம் என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் வட்டமாகவே வரைந்திருக்கிறீர்கள். இங்கிருந்து பார்க்கும்போது அது எப்படித் தெரிகிறது?” என்று மட்டும் கேட்டார். யாம் மீண்டும் நோக்கினோம். வாய் வட்டமாக இல்லை. ஒடுங்கிய நீள்வட்டமாக இருந்தது. யாம் கண்டதை வரையவில்லை, அறிந்ததையே வரைந்திருந்தோம்.

அடுத்த வாரம், கையை முழுதும் நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குடத்தின் அகலத்துக்கு உயரம் எத்துணையென்று அளக்கக் காட்டினார். அதற்கடுத்த வாரம், குடத்தை விடுத்து, குடத்துக்கும் அருகிலிருந்த செம்புக்கும் இடையே தோன்றும் வெற்றிடத்தின் வடிவை வரையுமாறு பணித்தார். ஒவ்வொரு முறையும் திருத்தம் ஒன்றே. உடனே மீண்டும் வரைதல். ஏறக்குறைய நாற்பதாவது குடம் குடமாகத் தோன்றிற்று. யாம் இன்றும் ஓவியர் அல்லேம். ஆயினும், பட்டிருப்புப் பாலத்தில் நிற்கும்பொழுது அதன் இருபுறக் கைப்பிடிகளும் தூரஞ்செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குவதையும், வாவியின் அக்கரை மரங்கள் பச்சையாகவன்றி மங்கிய நீலமாகத் தோன்றுவதையும் இப்பொழுதுதான் காண்கின்றோம். எத்தனையோ ஆண்டுகளாக யாம் கடந்துவரும் பாலந்தான் அது.

இஃது எமக்கு மட்டும் உரிய அனுபவமன்று. இங்கிலாந்து அறிஞர் ஜோன் ரஸ்கின், சித்திரம் பயிலத் தொடங்குவார்க்கென 1857 ஆம் ஆண்டில் எழுதிய நூலில் முதற் பயிற்சியாக வைத்தது, ஒரு சதுரத்தைப் பேனாக் கோடுகளால் ஒரே சீரான நிழலாக நிரப்புதலையே. ஒல்லாந்தரான வின்சன்ற் வான்கோ 1880 இல், தமது 27 ஆம் வயதில், ஓவியராவதெனத் துணிந்தார். அக்காலத்தில் அவர் பெல்ஜிய நாட்டு நிலக்கரிச் சுரங்கப் பகுதியொன்றில் வறுமையில் வாழ்ந்தார். சார்ள்ஸ் பார்க் என்பார் ஆக்கிய கரிக்கோட்டுப் பயிற்சித் தாள்களைப் பெற்று, அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார், மீண்டும் வரைந்தார். பின்னர் ஹேக் நகரில், உறவினரான ஓவியர் அன்ரன் மோவ் என்பாரிடம் திருத்தம் பெற்றார். பிறவி மேதையென உலகம் போற்றும் ஒருவரின் தொடக்கம் இதுவாயின், நம் பிள்ளைகளுக்கு நாற்பது குடங்கள் மிகையல்ல.

கோட்டுக்கு முதன்மை கொடுத்தல் நமக்கும் புதிதன்று. வண்ணந் தீட்டப்படாத கோட்டுச் சித்திரத்தைப் ‘புனையா ஓவியம்’ என்று நெடுநல்வாடை குறிக்கின்றது. தனிப்பெயர் இட்டு வழங்கும் அளவுக்கு நம் முன்னோர் அதனை மதித்தனர். இன்றைய மாணவரோ கோடு நேராகுமுன்னரே வண்ணப்பெட்டியைத் திறக்கின்றனர். பெற்றோரும் வண்ணத்தைக் கண்டே மகிழ்கின்றனர்.

திருத்திப் பழக்கும் முறையும் நம் ஊர்களில் உண்டு. மட்டக்களப்புக் கூத்துக் களரியைக் காண்க. சட்டங் கொடுத்தபின், அண்ணாவியார் இளங்கூத்தரைத் தாளக்கட்டுக்கு ஆடப் பழக்குகின்றார். அடி பிழைத்தால் அவ்விடத்திலேயே நிறுத்துகின்றார், தாம் ஆடிக் காட்டுகின்றார், மீண்டும் ஆடுவிக்கின்றார். அரங்கேற்றத்தன்று புள்ளியிட்டு அனுப்புவது அவர் வழக்கமன்று. இம்முறையைச் சித்திர வகுப்புக்கும் கொண்டுவருதலே யாம் வேண்டுவது. யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938 இல் வின்சர் சித்திரக் கழகத்தை நிறுவியமை, ஓவியம் பயில்வார்க்கு ஒருங்கிருந்து வரையும் இடமும் தோழமையும் வேண்டுமென்பதற்குச் சான்றாகும்.

திருத்தம் என்பது யாது? நூற்றுக்கு நாற்பத்தைந்து என்பது திருத்தமன்று. ‘நன்று’, ‘இன்னும் முயல்க’ என்பனவும் திருத்தமல்ல. எக்கோடு எங்கே வழுவிற்றென்று சுட்டுதல், ஒரு வேளையில் ஒரு குறையை மட்டுமே சுட்டுதல், சுட்டியதை அப்பொழுதே மீண்டும் செய்வித்தல் ஆகிய இம்மூன்றும் கூடியதே திருத்தம். இதனை எழுதும்பொழுது எமக்கு நாணம் உண்டாகின்றது. ஏனெனில், பல்லாண்டுகளாக மாணவர் கட்டுரைகளின் அடியில் யாமும் ‘முயல்க’ என்றே சிவப்பு மையால் எழுதிவந்தோம். எவ்வாறு முயல்வதென்று எழுதியதில்லை. குடம் வரையத் தொடங்கிய பின்னரே, ஒரு கட்டுரையில் ஒரு பந்தியைத் தெரிந்தெடுத்து, அதன் குறையொன்றைக் காட்டி, அதனை மட்டும் மீண்டும் எழுதுவிக்கத் தொடங்கினோம். பயன் கண்டோம்.

இதற்கு இரு தடைகள் கூறப்படும். திருத்தம் பிள்ளையின் கற்பனையைக் கெடுக்கும் என்பது ஒன்று. சிறு குழந்தையைப் பொறுத்தவரை அஃது உண்மையே. அதன் படத்தை யாரும் திருத்தலாகாது. ஆனால் ஒன்பது, பத்து வயதளவில், தான் வரைந்தது கண்ட பொருளைப் போல் இல்லையென்று பிள்ளை தானே வருந்தத் தொடங்குகின்றது. அப்பொழுது வழிகாட்டாது விடுதல் சுதந்திரமன்று, கைவிடுதலாகும். எம் பசு நின்றுபோனதும் அவ்வயதிலேதான்.

நாற்பது பிள்ளைகளைக் கொண்ட வகுப்பில் ஆசிரியர் ஒருவர் எவ்வாறு ஒவ்வொருவரையும் திருத்துவார் என்பது மற்றொன்று. இது மெய்யான தடை. எல்லார் படங்களையும் சுவரில் ஒட்டி, பிள்ளைகளை இருவர் இருவராக நிறுத்தி, “எது அகன்றது? எது உயர்ந்தது? எக்கோடு சரிந்தது?” என வினவச் செய்தால், பாதிச் சுமை குறையும். மறுபாதிக்கே யாம் பழைய மாணவரை நாடுகின்றோம்.

விழா ஆண்டில் வளைவுகளும் கல்வெட்டுகளும் எழுதல் இயல்பு. அவற்றை யாம் வேண்டாமென்னோம். அவற்றோடு, வாரத்தில் ஒருநாள் பிற்பகல் ஓர் அறையும், கட்டுக்கட்டாகத் தாளும், பென்சிலும், சில மண்குடங்களும் அளித்தல் வேண்டும். நம் பழைய மாணவருள் கட்டடப் படம் வரைவோர் உளர், தச்சர் உளர், பொற்கொல்லர் உளர், கண்ணும் கையும் பழகிய அனைவரும் திருத்தங் கூறத் தக்கவரே. கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காண்பியக் கலை பயில்வோரையும் மாதமொருமுறை அழைக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் முதற் குடத்தையும் இறுதிக் குடத்தையும் தேதியிட்டு வைத்திருத்தல் வேண்டும். அவ்விரண்டையும் அருகருகே காணும் பிள்ளை, தனக்குக் கை வராதென்று எவர் கூறினும் நம்பாது.

கடைசி வாங்கில் இன்னும் இடமுண்டு. எம்மோடு வந்தமர விரும்பும் பழைய மாணவருக்கு அது வியாழக்கிழமைதோறும் காத்திருக்கும்.