கண் இழந்தவர் வீட்டில் விளக்கு எரிந்தது!

"டுமீல்!"

1858-ம் ஆண்டு, செப்டம்பர் மாதம். இங்கிலாந்து நாட்டில், சாலிஸ்பரி என்ற ஊருக்கு அருகே தந்தையும் மகனும் கவுதாரி வேட்டைக்குப் போயிருந்தார்கள். தந்தையின் துப்பாக்கி வெடித்தது. இரண்டு ரவைகள் மகனின் இரண்டு கண்களிலும் பாய்ந்தன. பார்வை போய்விட்டது.

மகனின் பெயர் ஹென்றி பாசெட். வயது 25.

தந்தை துடித்துப் போனார். மகனோ தந்தையைக் குறை கூறவில்லை. முன்போலவே வாழ்வது என்று பத்தே நிமிடத்தில் முடிவு செய்தாராம்!

அப்படியே வாழ்ந்தும் காட்டினார். குதிரை ஏறினார், மீன் பிடித்தார். 1863-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். 1865-ல் பார்லிமெண்டு மெம்பர் ஆனார். துருக்கி சுல்தானுக்கு லண்டனில் நடந்த விருந்துச் செலவை இந்தியாவின் தலையில் கட்டினார்கள். "இது அநியாயம்" என்று எதிர்த்தவர் இவர். "இந்தியாவின் மெம்பர்" என்றே பெயர் பெற்றார். 1880-ல் தபால் மந்திரி ஆனார். ஏழைகள் ஒவ்வொரு பென்னியாகத் தபால்தலை வாங்கி ஒட்டி, பணம் சேமிக்க வழி செய்தார்.

மனைவியும் மகளும்

1867-ல் மில்லிசெண்டை மணந்தார். மணமகளுக்கு வயது 19. கணவருக்குப் படித்துக் காட்டினார், கடிதம் எழுதினார்.

"கணவருக்குக் கண்ணாக இருந்தார்" என்று புகழ்ந்துவிட்டு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அது பாதிக் கதைதான். மனைவி புத்தகம் எழுதினார். மேடை ஏறிப் பேசினார். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்றார். கணவர் தடுக்கவில்லை. அவரும் அதே கட்சி!

1884-ல் பாசெட் இறந்தார். மில்லிசெண்டுக்கு அப்போது வயது 37. மூலையில் உட்காரவில்லை. பெண்கள் ஓட்டுரிமை இயக்கத்தின் தலைவி ஆனார். 1928-ல் ஆண்களைப் போலவே பெண்களுக்கும் ஓட்டு கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு, மறு ஆண்டு கண்ணை மூடினார்.

மகள் பிலிப்பா, 1890-ல் கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையில் முதல் மாணவனையே மிஞ்சிவிட்டார். ஆனால் பட்டம் தரவில்லை. காரணம்? பெண்! அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1948-ல்தான். அந்த ஆண்டு ஜூன் மாதம் பிலிப்பா இறந்துபோனார்.

பார்வை இருந்த பெரிய மனிதர்களுக்குப் பெண்ணின் அறிவு தெரியவில்லை. பார்வை இழந்த ஒருவருக்குத் தெரிந்தது!

நம் வீடுகளில் எத்தனை பேர், "எனக்கு அவள் பக்கபலம்" என்று பெருமையாகச் சொல்கிறோம். நல்லதுதான். அவளுக்கு நாம் என்ன பலம்? மகள் புத்தகத்தை எடுத்தால் விளக்கை ஏற்றுகிறோமா, அடுப்பு வேலைக்குக் கூப்பிடுகிறோமா?

இன்று இரவே வீட்டில் கேட்டுப் பாருங்கள்.