அழிக்கும் முன் ஒரு முறை பாருங்கள்

கடந்த ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நான்காம் படிவ மாணவர்கள் மூவர் நல்லதொரு வேலை செய்தார்கள். தெப்ராவ் ஆற்றில் ஒரே இடத்தில் வாரம் ஒரு முறை நீர் எடுத்து, அதன் கலங்கல், அமிலத்தன்மை, வெப்பநிலை மூன்றையும் அளந்தார்கள். பன்னிரண்டு வாரம் விடாமல் செய்தார்கள். மழைக்கு மறுநாள் ஆறு எப்படி மாறுகிறது என்பதற்குப் படங்களும் எடுத்து வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரு விரலியில் இருந்தன. ஒரே ஒரு விரலியில்.

கண்காட்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது அதைக் கணினியில் செருகினார்கள். 'இந்த வட்டைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?' என்று திரையில் ஒரு பெட்டி எழுந்தது. ஒருவன் சம்மதம் தெரிவித்து அழுத்திவிட்டான். சில விநாடிகளில் விரலி காலி. அதன் பிறகுதான் என்னிடம் ஓடி வந்தார்கள்.

"டீச்சர், அதுதான் கேட்டுச்சு. நாங்க சரின்னு சொன்னோம்."

அந்தப் பதில்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. கணினி கேட்டால் 'சரி' சொல்லத்தான் நாம் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறோம். கணினியைத் திருப்பிக் கேள்வி கேட்கப் பழக்கவில்லை. அந்தத் திருப்பிக் கேட்கும் வழி ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை. அதை இடைநிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் கற்க வேண்டும் என்பது என் கருத்து.

நிலமும் வீடும்

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். அறிவியல் கூடத்தில் 'வால்யூம்' என்றால் கொள்ளளவு. கணினியில் அதே சொல்லுக்கு வேறு பொருள். வன்தட்டோ விரலியோ ஒரு வெறும் நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை லோட் லோட்டாகப் பிரிப்பது பார்ட்டிஷன். ஒரு லோட்டின் மேல் வீடு கட்டி, கதவு எண் கொடுத்து, எந்தப் பொருள் எந்த அறையில் என்று பட்டியல் எழுதி வைத்தால் அது வால்யூம். அந்தப் பட்டியல் முறைக்குக் கோப்பு முறைமை என்று பெயர்.

மாணவர்களின் விரலியில் கெட்டுப்போனது பெரும்பாலும் பட்டியல் மட்டுமே. அறைகளில் பொருள்கள் அப்படியே இருந்திருக்கும். விரைவு ஃபார்மட் செய்யும்போதும் கணினி புதிய பட்டியல் ஒன்றைத்தான் எழுதுகிறது. பழைய பொருள்களின் மேல் வேறொன்றை எழுதாதவரை அவற்றை மீட்க வாய்ப்பு உண்டு. அதனால் அந்த விரலியில் வேறு எதையும் சேமிக்க விடாமல், மீட்பு மென்பொருளை ஓட்டினேன். பெரும்பாலான படங்கள் பெயரை இழந்து திரும்பி வந்தன. அளவீட்டு அட்டவணையில் ஒன்பது வாரம்தான் கிடைத்தது. மீதி மூன்று வாரத்து ஆறு கடலுக்குப் போய்விட்டது. அதை மறுபடி யாராலும் அளக்க முடியாது.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருக்கும்?

விண்டோஸ் கணினியில் டிஸ்க்பார்ட் என்று ஒரு கருவி இருக்கிறது. அதற்குள் போய் 'லிஸ்ட் வால்யூம்' என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தால், கணினியோடு இணைந்திருக்கும் எல்லா வால்யூம்களும் அட்டவணையாக வரும். எழுத்து, பெயர், கோப்பு முறைமை, வகை, அளவு, நிலை என்று நிரல்கள் இருக்கும்.

அந்த அட்டவணையை மருத்துவர் இரத்தப் பரிசோதனை முடிவைப் படிப்பதுபோலப் படிக்கலாம். கோப்பு முறைமை நிரலில் 'ரா' என்று இருந்து அளவு சரியாகக் காட்டினால், பொருள் உயிரோடு இருக்கிறது, பட்டியல்தான் சிதைந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். அப்போது செய்ய வேண்டியது மீட்பு, ஃபார்மட் அல்ல. அளவே பூஜ்ஜியம் என்று காட்டினால் விரலியின் உள்ளிருக்கும் மின்சுற்றிலேயே கோளாறு இருக்கலாம். அழகான சின்னங்கள் இருக்கும் திரையில் இந்த இரண்டு நோய்களும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும்.

இன்னும் சில சந்தேகங்களும் இங்கே தீரும். 20 ஜிபி இடம் காலியாக இருந்தும் 5 ஜிபி காணொலியை விரலி ஏற்க மறுப்பது ஏன்? கோப்பு முறைமை நிரலைப் பாருங்கள். 'ஃபேட்32' என்றிருந்தால் அதில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. கடையில் 64 ஜிபி என்று வாங்கிய விரலி 59.6 ஜிபி என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லை. தயாரிப்பாளர் 64 பில்லியன் பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் அதை இரண்டின் முப்பதாம் அடுக்கால், அதாவது 1,073,741,824ஆல் வகுக்கிறது. வகுத்துப் பாருங்கள், விடை சரியாக வரும். நீங்கள் படித்த இரும எண்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறு என்ன இருக்கிறது?

லினக்ஸ் கணினி என்றால் எல்-எஸ்-பி-எல்-கே என்ற ஐந்து எழுத்துகள் போதும். எந்த வட்டில் எந்தப் பார்ட்டிஷன், அது எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்று மரக்கிளைபோல விரியும். டி-எஃப் என்ற இரண்டு எழுத்துகள் எவ்வளவு இடம் தீர்ந்தது, எவ்வளவு மிச்சம் என்று சொல்லும். இவை பார்க்கும் கட்டளைகள் மட்டுமே. எத்தனை முறை தட்டினாலும் எதையும் அழிக்காது.

செவ்வாயிலும் இதே நோய்

இது விரலி அளவில் நின்றுவிடும் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2004 ஜனவரியில் நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி செவ்வாயில் இறங்கியது. இறங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, பேச்சு நின்றுபோனது. ஊர்தி திரும்பத் திரும்பத் தன்னை அணைத்துத் தொடங்கிக்கொண்டிருந்தது. இரவில் உறங்க வேண்டிய நேரத்தில் உறங்காமல் மின்கலத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தது.

பொறியாளர்கள் கண்டுபிடித்த காரணம் வேடிக்கையானது. அதன் 256 எம்பி ஃபிளாஷ் சேமிப்பில் கோப்புகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன. பூமியிலிருந்து பயணம் செய்த மாதங்களில் சேர்ந்த பழைய கோப்புகளும் அதில் இருந்தன. அந்தப் பட்டியலை நிர்வகிக்கவே கணினியின் நினைவகம் போதவில்லை. 170 மில்லியன் கிலோமீட்டருக்கும் அப்பால், ஒரு சொல் போய்ச் சேரவே பத்து நிமிடம் ஆகும் தூரத்தில், ஃபிளாஷைத் தொடாமல் எழுந்திரு என்று கட்டளை அனுப்பினார்கள். எழுந்தது. பிறகு என்ன கோளாறு என்று பார்த்தார்கள், வேண்டாத கோப்புகளை நீக்கினார்கள், கடைசியாகத்தான் ஃபார்மட் செய்தார்கள். 90 செவ்வாய் நாள்களுக்கு என்று திட்டமிட்ட ஊர்தி 2010 மார்ச் வரை பூமியோடு பேசியது.

அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பார்த்தார்கள், பிறகு புரிந்துகொண்டார்கள், அதன் பின்தான் மாற்றினார்கள். எங்கள் மாணவர்கள் கடைசிப் படியிலிருந்து தொடங்கிவிட்டார்கள்.

ஆபத்தும் உண்டு

கட்டளை வரியை நான் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதனிடம் நான் நன்றாகவே அடி வாங்கியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய விரலியைச் சுத்தம் செய்ய டிஸ்க்பார்ட்டைத் திறந்தேன். முதல் நாள் அந்த விரலி 'டிஸ்க் 1' என்று இருந்தது. மறுநாள் வேறொரு வன்தட்டும் செருகியிருந்ததால் எண் மாறிவிட்டது. நான் பட்டியலைப் பார்க்காமல் நினைவிலிருந்தே எண்ணைத் தேர்ந்தெடுத்து, 'கிளீன்' என்று தட்டினேன். அந்தக் கட்டளை 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. ஐந்தாண்டாகச் சேர்த்த கேள்வித்தாள்கள் இருந்த வன்தட்டு அது. ஒரு டிபி எங்கே, 16 ஜிபி எங்கே! அளவு நிரலை ஒரு கணம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வட்டை எண்ணால் அடையாளம் காணாதீர்கள். அளவாலும் பெயராலும் காணுங்கள். அன்று கற்ற பாடம் இது.

பெரியவர்களுக்கும் இது நடக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, உலகெங்கும் நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், ஒரு சர்வரில் தட்ட வேண்டிய அழிப்புக் கட்டளையை இன்னொரு சர்வரில் தட்டிவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. வழக்கமாக எடுக்கப்பட்டிருக்க வேண்டிய காப்புநகல்களைத் தேடினால், அவை எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன், வேறு வேலைக்காக எடுத்து வைத்த வால்யூம் ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை மறைக்காமல் அவர்கள் உலகுக்கே எழுதி வைத்தார்கள். அந்த நேர்மையால்தான் இன்று நானும் நீங்களும் அதிலிருந்து கற்க முடிகிறது.

நம் வாசலில் நிற்கும் வேலை

சிலர் கேட்பார்கள்: இது கணினி நிபுணருக்கு உரியதல்லவா, நம் பிள்ளைகளுக்கு எதற்கு?

ஜொகூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது என்று நினைக்கிறேன். சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்து, 2022இல்தான் கட்டுப்பாடுகளோடு மீண்டும் தொடங்கியது. அந்த அலை பாலத்தைக் கடந்து நம் பக்கம் வந்தது. செடெனாக்கிலும் கூலாயிலும் நூசாஜெயாவிலும் பெரிய பெரிய தரவு மையங்கள் எழுந்தன, இன்னும் எழுகின்றன. நம் தாத்தா பாட்டி ரப்பர் சீவிய, செம்பனை வெட்டிய மண்ணில் இன்று உலகத்தின் கோப்புகள் குடியிருக்கின்றன. அவை எவ்வளவு மின்சாரமும் நீரும் கேட்கின்றன என்ற விவாதம் நியாயமானது. அதை வகுப்பில் தனியே பேச வேண்டும். ஆனால் கட்டடங்கள் வந்துவிட்டன. அவற்றில் நம் பிள்ளைகளின் இடம் எங்கே? வாயிற்காவலிலும் துப்புரவிலும் மட்டும்தானா?

அந்தக் கட்டடங்களுக்குள் அடுக்கடுக்காக நிற்கும் சர்வர்களுக்குப் பெரும்பாலும் திரையும் கிடையாது, மவுஸும் கிடையாது. தொலைவிலிருந்து கட்டளை வரியில்தான் அவற்றோடு பேசுகிறார்கள். வால்யூம் நிரம்புகிறதா, எது எங்கே இணைந்திருக்கிறது, எதைப் பெரிதாக்க வேண்டும் என்று பார்ப்பது அங்கே அன்றாட வேலை. விரலியில் நீங்கள் தட்டும் ஐந்து எழுத்துகளையே அங்கே சம்பளம் வாங்குபவரும் தட்டுகிறார்.

இன்னொரு வாதமும் கேட்டேன். "செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் கட்டளையை அதுவே எழுதித் தருமே டீச்சர்!" தரும். ஆனால் உங்கள் மேசையில் எந்த வட்டு முதலாவது, எது இரண்டாவது என்று அதற்குத் தெரியாது. அது தந்த வரியைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் ஒட்டினால், அன்று என் மாணவன் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள். கேட்டது ஒரு பெட்டி என்பதற்குப் பதிலாக ஓர் உரையாடல், அவ்வளவுதான்.

இரண்டு பாடவேளை போதும்

நான் கேட்பது பாடத்திட்ட மாற்றம் அல்ல. கணினிக் கழகத்தில் இரண்டு பாடவேளை, ஒரு பழைய கணினி, இழந்தால் கவலையில்லாத நாலைந்து விரலிகள். அவ்வளவு போதும். முதல் பாடவேளையில் பார்க்கும் கட்டளைகள் மட்டும். விரலியைச் செருகும் முன் ஒரு பட்டியல், செருகிய பின் ஒரு பட்டியல். இரண்டையும் நோட்டில் எழுதி ஒப்பிட வேண்டும். புதிதாக வந்த வரிதான் உங்கள் விரலி. இரண்டாம் பாடவேளையில்தான் பெயர் மாற்றுவது, எழுத்து மாற்றுவது, கடைசியாக ஃபார்மட். பள்ளிக் கணினிகளில் டிஸ்க்பார்ட்டுக்கு நிர்வாகி அனுமதி தேவை என்பதால், ஆசிரியர் அருகில் இருப்பார். வீட்டில் செய்பவர்கள் பெரியவர்களைக் கேட்டுவிட்டு, குடும்பப் படங்கள் இருக்கும் வட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

வேதியியல் கூடத்தில் பியூரெட்டைத் திறக்கும் முன் தொடக்க அளவீட்டைக் குறிக்கச் சொல்கிறோம். குறிக்காமல் திறந்தவருக்கு முழு மதிப்பெண் கிடைப்பதில்லை. அந்த ஒழுக்கத்தைத்தான் கணினிக்கும் கேட்கிறேன். முக்கியமான கோப்புக்கு எப்போதும் இரண்டாவது பிரதி, அதுவும் வேறொரு இடத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மூவரும் ஒன்பது வார அளவீட்டோடு கண்காட்சியில் நின்றார்கள். விடுபட்ட மூன்று வாரத்தை ஊகித்து நிரப்பாமல், வரைபடத்தில் வெற்றிடமாகவே விட்டு, கீழே 'தரவு இழப்பு' என்று எழுதியிருந்தார்கள். பரிசு கிடைக்கவில்லை. இந்த ஆண்டு மறுபடி ஆற்றுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். சென்ற வாரம் அவர்களில் ஒருவன் விரலியைச் செருகிவிட்டு, திரையில் பெட்டி எதுவும் வராதபோதே கறுப்புத் திரையைத் திறந்து பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னப்பா, ஏதாவது கோளாறா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். சும்மா பாத்துக்கிறேன்."