கடல் கடக்கும் புகையிரதம்

தனிவழிப் பயணம் தகாது என்பது முதியோர் நமக்குக் கூறிவந்த அறிவுரை. கள்வர் பயமும் காட்டு விலங்குகளின் பயமும் மிகுந்திருந்த காலத்தில் அது பொருத்தமானதே. மடு மாதாவின் திருவிழாவுக்குக் கால்நடையாகச் சென்ற எம்மூரவர்களும் கூட்டமாகவே சென்றனர். ஆயின் புகையிரதமும் பஸ் வண்டியும் வந்துவிட்ட பின்னர், தனியே புறப்படுவோன் உண்மையிற் தனியனல்லன் என்பது எமது எண்ணம். 50 பேர் அமர்ந்திருக்கும் பெட்டியினுள் ஏறுபவனை எவர் தனியன் என்பர்?

இவ்வெண்ணத்தைச் சோதித்தறியும் வாய்ப்பு அண்மையில் எமக்குக் கிட்டியது. உறவினர் ஒருவரைக் காணும்பொருட்டு, இத்தாலி நாட்டின் தெற்கே சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. உரோமாபுரியில் விமானத்தைவிட்டு இறங்கி, எஞ்சிய வழி முழுவதையும் புகையிரதத்திலும் பஸ்ஸிலுமே கடந்தோம். (யாம் என்று எழுதுவது இப்பகுதியின் வழக்கு, சென்றது ஒருவரே என்பதை நேயர்கள் கருத்திற் கொள்க.)

உரோமாபுரியின் பெரிய புகையிரத நிலையத்துக்குத் தெர்மினி என்று பெயர். அங்கிருந்து நேப்பிள்ஸ் நகருக்கு விரைவு வண்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகும். சாதாரண வண்டியில் இரண்டு மணிக்கு மேலாகும். கட்டணமோ சாதாரண வண்டியில் வெகு குறைவு. யாம் அதனையே விரும்பினோம். விரைவு வண்டியில் ஒருவர் முகத்தை ஒருவர் பாரார். சாதாரண வண்டியிலோ கூடையும் குழந்தையுமாக ஏறி, அயலில் இருப்பவர் எந்த நாட்டவரென்று வினவாமல் விடமாட்டார்.

அந்நாட்டிற் பிரயாணம் செய்வோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். சாதாரண வண்டிக்குக் கடதாசிச் சீட்டு வாங்கினால், அதனை நிலையத்திலுள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து நேர முத்திரை பதித்த பின்னரே ஏறலாம். முத்திரையில்லாச் சீட்டுக்குத் தண்டம் உண்டு. நகரப் பஸ்ஸிலோ, சீட்டுப் புத்தகத்தோடு நம்மை நாடிவரும் கொண்டக்டர் இல்லை. புகையிலைக் கடையிற் சீட்டை முன்னரே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். புகையிலைக்கும் பஸ்ஸுக்கும் என்ன உறவோ, அந்நாட்டவர்க்கே வெளிச்சம்.

நேப்பிள்ஸ் ஆரவாரம் நிறைந்த நகரம். நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும், கரிபால்டியின் பெயர் கொண்ட பெருஞ்சதுக்கம். கூவி விற்போரும், மோட்டார் சைக்கிள்களும், சந்துகளின் குறுக்கே கட்டிய கொடியில் உலரும் துணிகளுமாக, எங்கு நோக்கினும் வாழ்க்கை வீதிக்கு வந்து நிற்கின்றது. பணப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடத்தல் நன்று. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பொம்பெயி நகருக்குச் சிறு புகையிரதத்திற் சென்று மீண்டோம். அதனைப் பற்றி எழுதியோர் பலராதலின் யாம் எழுதவில்லை.

பெண்பிள்ளைகள் இவ்வழியே தனியாகச் செல்லலாமோ என்று வினவும் தாய்மார் உளர். அங்கே தனியாகச் செல்லும் மகளிரைப் பெட்டிதோறும் கண்டோம். பொழுது சாயுமுன் புதிய நகரை அடைதல், இரவு தங்குமிடத்தை முன்பே ஒழுங்கு செய்தல், கடவுச்சீட்டை ஆடையினுள்ளே வைத்தல், ஏறும் வண்டியின் இலக்கத்தை வீட்டாருக்கு அறிவித்தல் ஆகிய நான்கையும் கைக்கொள்பவளுக்குத் தடை கூற யாம் துணியோம். ஆண்பிள்ளைகளும் இவற்றைக் கைக்கொண்டால் தாய்மார் நிம்மதியாக உறங்கலாம்.

நிற்க. இப்பிரயாணத்தில் எம்மை வியப்பில் ஆழ்த்தியது நகரமன்று; ஒரு கடற்பகுதி. இத்தாலிப் பெருநிலத்தையும் சிசிலியையும் மெசீனா நீரிணை பிரிக்கின்றது. அதன் மிகக் குறுகிய இடம் ஏறக்குறைய 3 கிலோமீற்றர். பாலம் இல்லை. வில்லா சான் ஜியோவானி என்னுந் துறையில், எம்மை ஏற்றிவந்த புகையிரதத்தைச் சில பெட்டிகளாகப் பிரித்து, தண்டவாளம் பதித்த கப்பலின் வயிற்றினுள்ளே ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினார்கள். பிரயாணிகள் இருந்த இருக்கையில் இருந்தவாறே கடல் கடக்கலாம். மூட்டையைத் தூக்க வேண்டியதில்லை. தனியே செல்பவனுக்கு இது எத்துணை ஆறுதல் என்பதை, இரு கைகளிலும் பெட்டி சுமந்து துறைமுகங்களில் நின்றோர் அறிவர். யாம் படியேறி மேல்தளத்துக்குச் சென்று, உள்ளே இறைச்சி வைத்துப் பொரித்த சோற்றுருண்டை ஒன்றை வாங்கி உண்டபடி, அக்கரை நெருங்குவதைப் பார்த்து நின்றோம்.

இவ்வேற்பாடு 1899இல் தொடங்கியது. 1908 திசம்பர் 28 விடியற்காலையில் பெரும் பூகம்பமும் அதனைத் தொடர்ந்து கடற்பெருக்கும் உண்டாகி, மெசீனா நகரம் தரைமட்டமாயிற்று. பல்லாயிரவர் மாண்டனர். எஞ்சியோர் நகரை மீண்டும் எழுப்பினர். கப்பலிற் புகையிரதம் ஏறுவது இன்றும் நடைபெறுகின்றது.

மன்னார்க் கரையில் வாழ்வோர் இதனைக் கேட்டு வாளாவிருத்தல் எங்ஙனம்? 1914இல் தலைமன்னார் இருப்புப்பாதையும் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டன. கொழும்புக் கோட்டையிற் சீட்டு வாங்கியவர், தலைமன்னார் இறங்குதுறையிற் கப்பலேறி, தனுஷ்கோடியில் மறுபடியும் புகையிரதமேறி, அதே சீட்டுடன் சென்னையைச் சென்றடையலாம். வழியில் மதுரையோ திருச்சியோ எதுவாயினும் இறங்கிப் பார்க்கலாம். நறுவிலி மரத்தின் பெயர் கொண்ட எமது சிற்றூரிலிருந்து பஸ்ஸிற் புறப்படும் ஒருவருக்கும் தென்னிந்திய நகரங்கள் யாவும் ஒரே வழியின் நிறுத்தங்களாக இருந்தன. 1964 திசம்பர் 22 இரவு வீசிய புயலில், பாம்பனிலிருந்து சென்ற புகையிரதம் பிரயாணிகளோடு கடலுக்கு இரையாகி, தனுஷ்கோடியும் அழிந்தது. அந்நகரை எவரும் மீளக் கட்டவில்லை. அதன்பின் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலும் போர்ச் சூழலில் 1984இல் நின்றது. 1990இல் எமது புகையிரதமும் நின்றது.

பலெர்மோவில் எமது உறவினரின் வீடு பல்லாரோ என்னுஞ் சந்தைக்கு அண்மையில் இருந்தது. அந்நகரில் ஈழத்தமிழர் பலர் வாழ்கின்றனர். நகரத்துக்கு மேலேயுள்ள பெல்லெகிரீனோ மலையில் புனித ரொசாலியாவின் குகைக்கோயில் உண்டு. 1624இல் கொள்ளைநோய் பரவியபோது அவரது எலும்புகள் அங்கே கண்டெடுக்கப்பட்டு நகரம் காக்கப்பட்டதென்பது அந்நாட்டவர் நம்பிக்கை. கத்தோலிக்கரோடு சைவத் தமிழரும் அம்மலைக்கு ஏறிச் சென்று நேர்த்தி செலுத்துகின்றனர். யாம் பஸ்ஸிலே சென்றோம். முழங்கால் வலியே காரணம்.

மறுநாட் காலை சந்தையில், வெண்டிக்காய் விற்ற முதியவர் ஒருவர் எமது பேச்சைக் கேட்டதும், "எந்த ஊர், அண்ணை?" என்றார். ஊரைச் சொன்னோம். தாம் பேசாலை என்றார். எழுபதுகளிற் தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு இராமேசுவரக் கப்பலேறியதையும், மதுரையில் முதன்முதலாக ஐஸ்கிறீம் உண்டதையும் கூறி, "இப்ப கப்பல் விடுறாங்களோ?" என்று வினவினார்.

யாம் அறிந்தவற்றைச் சொன்னோம். 2015 மார்ச் 14 முதல் தலைமன்னார் இறங்குதுறை வரை புகையிரதம் மீண்டும் வருகின்றது. அக்கரையில் 2025 ஏப்பிரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டுள்ளது. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இற் கப்பல் வந்தது. இடையில் நின்று 2024இல் மறுபடியும் தொடங்கியது. ஆயின் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையேயுள்ள 30 கிலோமீற்றர்க் கடலிற் கப்பல் இல்லை.

"இந்தாப் பக்கத்துக் கடல்தானே," என்றார் அவர். பின்னர் வெண்டிக்காயை நிறுத்து, கேளாமலே ஒரு பிடி பச்சை மிளகாயையும் பையிற் போட்டுத் தந்தார்.