பறையா என்றொரு ஆங்கிலச் சொல்

கம்ப்யூட்டருக்குள்ளும் ஆண்டை, அடிமை உண்டு. ஒரே கேபிளில் இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டினால் ஒன்றுக்கு மாஸ்டர், மற்றதுக்கு ஸ்லேவ் என்று பேர் வைத்திருந்தார்கள். 2018இல் பைத்தான் மொழிக்காரர்கள் இந்தச் சொற்களைக் களையத் தொடங்கினார்கள். 2020 மே மாதம் மினியாபோலிஸில் ஜார்ஜ் பிளாய்டை போலீஸ்காரன் கழுத்தில் முழங்காலை வைத்துக் கொன்றபிறகு வேகம் பிடித்தது. ஜூலையில் லினக்ஸ் கெர்னல், அக்டோபரில் கிட்ஹப் என்று வரிசையாக மாற்றினார்கள்.

"பேர மாத்திப்புட்டா எல்லாம் மாறிடுமா?" என்று நம்மாளுகளே கேலி பேசுகிறார்கள். மாறாதுதான். ஆனால் நாம் கேட்கிற கேள்வியா இது? 1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டசபையில் போராடித்தான் 'பறையன்', 'பஞ்சமன்' போய் அரசாங்கக் காகிதத்தில் 'ஆதிதிராவிடர்' வந்தது. 'ஹரிஜன்' என்ற பேரைச் சட்டத்தில் நுழைத்தபோது, 1938இல் அம்பேத்கர் தன் கட்சிக்காரர்களோடு பம்பாய் சட்டசபையை விட்டு வெளியேறினார். கறுப்பின மக்களின் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

என் கேள்வி வேறு. இங்கேயிருந்து குருவும் பண்டிதரும் ஆங்கிலத்துக்குப் போனார்கள், மரியாதையோடு இருக்கிறார்கள். மென்பொருள் உலகில் கில்லாடிக்கு 'குரு' என்று பேர். யார் எதைத் தொடலாம், தொடக்கூடாது என்று தீர்மானிக்கிற ஒரு ரூபி நிரலுக்கு 'பண்டிட்' என்றே பேர். (பொருத்தமாத்தான் வச்சிருக்கான்!) நம்ம பறையும் போனது. அங்கே 'பறையா' என்றால் ஒதுக்கித் தள்ளப்பட்டவன். லினக்ஸ்காரர்களின் பட்டியலில் அடிமை உண்டு, கறுப்பு உண்டு, இது இல்லை. நிரலில் அந்தச் சொல் கிடையாதே என்பார்கள். நிரல் எழுதுகிறவன் வாயில் இருக்கிறதே! அதன் அர்த்தம் வெள்ளைக்காரனுக்குத் தெரியாமலிருக்கலாம். பக்கத்து நாற்காலியில் இருக்கிற நம்மூர் ஆதிக்கசாதிக்காரனுக்குமா தெரியாது?

சொற்களை மாற்றிக்கொண்டிருந்த அதே 2020 ஜூனில்தான், ஒரு தலித் பொறியாளரை மேலதிகாரிகள் இருவர் சாதி பார்த்து ஒடுக்கினார்கள் என்று கலிபோர்னியா அரசு சிஸ்கோ கம்பெனி மீது வழக்குப் போட்டது. 2023இல் அந்த இருவரையும் வழக்கிலிருந்து அரசே விடுவித்தது, கம்பெனியை விடவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் 'சாதி' என்ற சொல்லைத் தன் சட்டத்தில் எழுதிக்கொண்டது. கலிபோர்னியா சட்டமன்றமும் எழுதி நிறைவேற்றியது. அக்டோபரில் ஆளுநர் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். இருக்கிற சட்டமே போதுமாம்.